வெள்ளை வைரம், கறுப்பு வைரம்

கலைப்பீடத்தில் எங்களுக்கு ‘கிளாஸ்’ என்றால் வர்க்கம். பேராதனையில் கணினி படிக்கிற நண்பர்களுக்கு அது மென்பொருளில் வரும் வகுப்பு. அவர்கள் பெட்டி பெட்டியாக வரைந்து கோடு இழுப்பதற்குப் பின்னால் ஒரு சண்டைக்கார வரலாறு இருக்கு.

1990களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு மாதிரி வரைந்தார்கள். கிரேடி பூச் வகுப்பை மேகம்போல வரைவார், ஜேம்ஸ் ரம்பா பெட்டியாக வரைவார். ரம்பா 1994இலும் இவார் ஜேக்கப்சன் 1995இலும் பூச் இருந்த ரேஷனல் கம்பனிக்கே வந்து சேர்ந்தார்கள். அப்படிப் பிறந்த யூ.எம்.எல். மொழியை 1997 நவம்பரில் ஓ.எம்.ஜி. அமைப்பு தரநிலையாக ஏற்றது.

கறுப்பு வைரக்குறியில் குழப்பம் குறைவு. பகுதி ஒரு நேரத்தில் ஒரே முழுமைக்குத்தான் சொந்தம். முழுமையை அழித்தால் அதோடு பகுதியும் போகும். லயமும் காம்பராவும் மாதிரி. லயத்தை இடித்தால் காம்பரா எங்கே? வெள்ளை வைரம்தான் தலைவலி. வெறும் கோட்டை விட அது கூடுதலாக என்ன சொல்லுது? ரம்பாவே அதை மருந்தில்லாத மாத்திரைக்கு ஒப்பிட்டார். 2015இல் வந்த 2.5 பதிப்பும் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப அர்த்தம் மாறும் என்று விட்டுவிட்டது. இதைத் தீர்வு என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போ தோட்டத்தையும் தொழிலாளியையும் இரண்டு பெட்டியாகப் போடுங்க. நடுவில் எந்தக் கோடு? கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்டதற்குப் பிறகு, வேலை, வீடு, கடை, பிள்ளைமடுவம் எல்லாமே தோட்டத்துக்குள்ளேதான். துரைமார் கையில் பென்சில் கொடுத்திருந்தால் கறுப்பு வைரமே போட்டிருப்பாங்க. அரசும் ஆட்களை அப்படித்தான் பார்த்தது: 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்த ஆதாரத்தைக் கேட்டது, லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அந்தக் கடதாசி இருந்திருக்கும்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. அந்த மிச்சம்தான் நம்ம வெள்ளை வைரம்.

நான் வரைந்தால் ‘வேலை’ என்று தனிப் பெட்டி போடுவேன். ஆளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு அதன் வழியாக மட்டும். வீட்டுக்கும் குடியுரிமைக்கும் போகிற கோடுகள் ஆளிடமிருந்து நேராகப் போகும், தோட்டத்தைத் தொடாமல்.