மின்காந்தக் கதிர்வீச்சு அச்சம் (புத்தளம் கரையோரம்)

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மின்காந்தக் கதிர்வீச்சு பற்றிய அச்சம் கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கு முற்பட்டது. 1990களில் சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் ‘வொயிஸ் ஒஃப் அமெரிக்கா’ சிற்றலை வானொலி நிலையம் அமைக்க முற்பட்டபோது, மீனவர்களும் கத்தோலிக்கக் குருமாரும் எதிர்த்து நின்றனர். காணி, கடற்றொழில், உடல்நலம் ஆகிய மூன்றும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தன. ஆயினும் நிலையம் இயங்கி, 2016இல் மூடப்பட்டது.

புத்தளம்–கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் பாலாவிக்கு மேற்கே, நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் உள்ளது. அதன் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 220 கிலோவோல்ட் கம்பிகள் வழியே மின்சாரம் வெளியே செல்கிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி அவ்வூர் மக்கள் சொல்லும் முறைப்பாடு வேறு, கம்பியின் காந்தப்புலம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் தூசுக்குப் பொறுப்பானவர்களே தப்பித்துக்கொள்வர்.

கைத்தொலைபேசிக் கோபுரமும் மின்கம்பியும் வெளியிடுவது அணுக்களை அயனாக்க வலுவற்ற கதிர்வீச்சு. ரேடியோ அலையில் ஐயமின்றி நிறுவப்பட்ட தீங்கு, அளவு மீறினால் திசு சூடாவது. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 900 மெகாஹேட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், இந்தியா 2012இல் அதைப் பத்திலொன்றாகக் குறைத்தது. கோபுர அன்டெனா அலையைப் பெரும்பாலும் கிடையாக வீசுவதால் அதன் அடிவாரத்தில் செறிவு குறைவு. மாறாக, சிக்னல் மங்கிய இடத்தில் காதோடு ஒட்டிய தொலைபேசியே வலுவைக் கூட்டிக்கொள்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மின்கம்பிக் காந்தப்புலத்தை 2001இலும் ரேடியோ அலையை 2011இலும் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் இட்டது. சான்று மட்டானது என்பதே அதன் கருத்து. உலக சுகாதார நிறுவனம் கோரிய மீளாய்வொன்று 2024இல் கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

அச்சம் புத்தளத்தோடு நிற்கவில்லை: 2019இல் யாழ்ப்பாண மாநகரில் ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்கள் 5ஜி கோபுரங்களே என்று மக்கள் வீதிக்கு இறங்கினர். இத்தகைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கோபுரம் எழுமுன்னும் எழுந்தபின்னும் வீட்டு வாசலில் கதிர்வீச்சை அளந்து, வரம்போடு ஒப்பிட்டு, முடிவை அந்தந்த ஊர் மொழியில் பிரதேச சபையில் ஒட்ட வேண்டும். அந்த அளவைக் கேட்டுப் பெறுவது ஊரவரின் உரிமை.