அழிந்த படமும் அழியாத கருத்தும்

ஒரு நூல் அழிந்தபின், அதைப் பற்றிப் பிறர் கூறிய சொற்களே அதற்குச் சான்றாய் நிற்பது தமிழிலக்கிய வரலாற்றில் புதிதன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. அதன் பாடல்களுள் சிலவே எஞ்சின. ஆயினும் அக்காப்பியம் எக்கொள்கையை நிலைநாட்ட முயன்றது, எவ்வாறு வாதிட்டது என்பவற்றை அறிஞர்கள் ஓரளவு உணர்ந்துள்ளனர். அந்த அறிவைப் பெரிதும் தந்தது குண்டலகேசியைப் போற்றிய நூலன்று. அதனை மறுப்பதற்கென்றே எழுந்த நீலகேசியாகும். மறுக்க வந்தவன் மறுக்கப்பட்டதைக் காத்துவிட்டான்.

இம்முறையை ஏட்டுச் சுவடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டுவதில்லை. படச்சுருளுக்கும் இது பொருந்தும். மலாய்த் திரைப்பட வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற ஒரு படம் இன்று இல்லை. அதைப் பார்த்தவர்களின் கருத்து ஒன்றே எஞ்சியுள்ளது. அக்கருத்தை எவ்வாறு திரட்டுவது, எவ்வாறு எடைபோடுவது என்பதே இங்கு ஆராயத்தக்க பொருள்.

படமும் இயக்குநரும்

அப்படத்தின் பெயர் ‘பொந்தியானாக்’. அது 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூர்க் கத்தே அரங்கில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. தயாரித்தது கத்தே–கெரிஸ் நிறுவனம். லோக் வான் தோ, ஹோ ஆ லோக் என்னும் இருவர் கூட்டாக 1953இல் அதைத் தொடங்கினர். ஷா சகோதரர்களின் பட நிலையம் முன்னரே வேரூன்றியிருந்தது. கத்தே–கெரிஸ் பின்னர் வந்த இளைய நிறுவனம். தன் முதற்படத்தையே வண்ணத்தில் எடுத்த அந்நிறுவனம், இந்தப் பேய்க்கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. இருளும் ஒளியும் ஒப்பனையும் நடிப்புமே அதற்கு முதல்.

படத்தை இயக்கியவர் பி. என். ராவ். தமிழ்ப் படங்களின் தொடக்க காலத்தை அறிந்தோர்க்கு இவர் புதியவரல்லர். ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ‘தாசி அபரஞ்சி’ (1944), ‘சாலிவாகனன்’ (1945) ஆகிய தமிழ்ப் படங்கள் இவர் இயக்கியவை. மாயமும் மந்திரமும் உருமாற்றமும் கலந்த கதைகளிற் பழகிய கை இவருடையது. பின்னர்ச் சிங்கப்பூர் சென்று மலாய்ப் படங்களை இயக்கினார். பினாங்கிற் பிறந்த பி. ரம்லி நடித்த ‘ஹூஜான் பானாஸ்’ (1953) இவரது படமே. ஆதலின் பொந்தியானாக் மலாய் மக்களின் செல்வமாதலோடு, தமிழ்த் திரைப்பட வரலாற்றின் ஒரு கிளையும் ஆகும். இதனை நம்மவர் பலர் மறந்தனர்.

கதைத்தலைவி சொமெல். மலாய் மொழியில் அழகி என்று பொருள்படும் பெயர் தாங்கிய அழகற்ற பெண் அவள். தன்னை வளர்த்த முதியவர் விட்டுச் சென்ற மந்திர நூலின் துணையால் பேரழகு பெறுகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பதே அதற்கு விதி. மணம் புரிந்து, ஒரு மகவும் பெறுகிறாள். கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு அவன் வேண்டுகிறான். கணவனைக் காக்கும் அச்செயலே அவளைக் குருதி குடிக்கும் பேயாக்குகிறது. சொமெலாக நடித்தவர் மரியா மெனாடோ. கதையை எழுதியவர் அவருடைய அந்நாளைய கணவர் அப்துல் ரசாக்.

பேயின் பிறப்பு

மலாய் நம்பிக்கையின்படி, மகப்பேற்றில் இறந்த பெண்ணோடு தொடர்புடைய பேய் பொந்தியானாக். அதன் பிடரியில் ஆணி அறைந்தால் அது மீண்டும் பெண்ணுருப் பெறும் என்பர். தமிழகத்திலும் பேயோட்டுவோர் பேய் பிடித்தவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியால் அறைவர். கருவுற்ற நிலையில் இறந்தவளின் துயரை ஆற்றுதற்குத் தமிழர் வேறொரு வழியும் கண்டனர். வழிநடையிற் சுமைதாங்கிக் கல் நாட்டுவது அவ்வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாத சுமையை, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி ஆற்றுவதாகக் கருதினர். ஒரே அச்சம் ஓரிடத்திற் பேயாயிற்று, மற்றோரிடத்திற் கல்லாயிற்று.

இப்பேயைப் பற்றிய கருத்து வேறுபாடும் பழையதே. மலாக்காவில் வாழ்ந்த முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றை 1849இல் வெளியிட்டார். அரபு மரபோடு தமிழ் மரபும் கலந்த குடியில் வந்தவர் அவர். இளமையில் தமிழ் பயின்றவர். மில்ன் என்னும் பாதிரியார் இத்தகைய பேய்களைப் பற்றி வினவியதையும், தாம் விடையளித்ததையும் அந்நூலில் எழுதியுள்ளார். அவரே இந்நம்பிக்கைகளை அறியாமை என்று கருதினார். ஆயினும் ஒதுக்கிவிடாது குறித்துவைத்தார். இன்று அக்குறிப்பு வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

பார்வையாளர் அளித்த தீர்ப்பு

பொந்தியானாக் படத்தைப் பார்வையாளர் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு மூன்று உறுதியான சான்றுகள் உள. முதலாவது, அது சிங்கப்பூரிற் பல வாரங்கள் தொடர்ந்து ஓடியது. காந்தோனீய மொழியிற் குரல் மாற்றியும் வெளியிடப்பெற்றது. மலாய்ப் படத்தை மலாய்க்காரர் மட்டுமே பார்ப்பர் என்ற வணிகக் கணக்கு இதனால் மாறியது. சீனர்க்கும் இந்தியர்க்கும் தத்தம் பேய்க்கதைகள் உண்டு. பேயை அறிய மொழி தடையாகவில்லை.

இரண்டாவது, அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’ வந்தது. 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ அகலத்திரையில் வந்தது. முன்னது பொந்தியானாக்கின் வஞ்சம். பின்னது பொந்தியானாக்கின் சாபம். பார்த்தவர் வேண்டாத கதையை ஈராண்டில் மும்முறை எடுக்க எந்த முதலாளியும் துணியார்.

மூன்றாவது, போட்டி நிறுவனத்தின் செயல். ஷா நிலையம் 1958இல் ‘அனாக் பொந்தியானாக்’ என்னும் படத்தை வெளியிட்டது. எண்ணெய் பூசிய மனிதன் என்னும் மற்றொரு பேய்க்கதையை அதே ஆண்டில் இரு நிறுவனங்களும் எடுத்தன. கத்தே–கெரிஸ் படத்தை இயக்கியவர் சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன், ஷா படத்தை இயக்கி நடித்தவர் பி. ரம்லி. எதிரி தன்னைப் பார்த்து எழுதுவதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

மாற்றுக் கருத்து

எல்லாரும் இத்தகைய படங்களைப் போற்றினர் என்று கொள்வது பிழை. 1950களில் மலாய் எழுத்தாளர்களும் இதழாளர்களும் மலாய்ப் படங்களைக் கடுமையாகக் குறைகூறி வந்தனர். இந்திய இயக்குநர்கள் தம் நாட்டுக் கதைப்போக்கையும் ஆடல் பாடல்களையும் அப்படியே கொண்டுவந்து மலாய் உடை போர்த்துகின்றனர் என்பது ஒரு குறை. மாயமும் மூடநம்பிக்கையும் நிறைந்த படங்கள் முன்னேற விரும்பும் சமுதாயத்திற்கு ஆகா என்பது மற்றொன்று. நாடு விடுதலை பெற்ற நாள் 1957 ஆகஸ்டு 31. பேய்ப்படம் வந்து நான்கு திங்கள் கடந்த சில நாளில் புதிய நாடு பிறந்தது. அந்நாளில் இக்குறைகள் கூர்மையாய் ஒலித்தது இயல்பே.

ஆனால் வரலாறு எழுதுவோர்க்கு இக்குறைகூறல் பெருந்துணையாகிறது. பாராட்டுவோன் பெரும்பாலும் தன் மகிழ்ச்சியைச் சொல்வான். குறைகூறுவோனோ எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று பொருளையே எடுத்துக்காட்டுவான். நீலகேசி குண்டலகேசியைக் காத்ததும் இவ்வாறே.

பிரதி போன வழி

இப்படத்தின் பிரதி இதுவரை கிடைத்திலது. இரண்டாம் படமும் அவ்வாறே. ஹோ ஆ லோக் தம் பங்குக்கு வந்த படச்சுருள்களை வைக்க இடமின்றி நீரில் எறிந்துவிட்டார் என்பது வழங்கிவரும் செய்தி. ஆற்றில் என்பாரும் உளர். ஈயச்சுரங்கக் குட்டையில் என்பாரும் உளர். எதுவாயினும், ஆடிப்பெருக்கில் ஏடுகளை விட்ட கதையை இது நினைவூட்டுகிறது. எஞ்சிய படங்களின் தொகுதி, ‘கத்தே–கெரிஸ் மலாய்ச் செவ்வியற் படங்கள்’ என்னும் பெயரால் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அப்பெருமை வருமுன்னரே முதற்படம் போய்விட்டது.

மேலைநாடுகளிலும் குருதிகுடிக்கும் பேயைப் பற்றிய படங்கள் இத்தகைய விதிக்கு ஆளாயின. செருமனியில் 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’, உரிமை பெறாமல் ‘டிராகுலா’ நாவலைத் தழுவியது. நாவலாசிரியரின் மனைவி தொடுத்த வழக்கில், 1925இல் நீதிமன்றம் பிரதிகளை அழிக்க ஆணையிட்டது. ஆயினும் பிறநாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகள் தப்பின, படம் வாழ்கிறது. அமெரிக்காவில் 1927இல் வந்த ‘இலண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ குருதிப்பேயும் துப்பறிதலும் கலந்த கதை. துப்பறிவோனாகவும் பேயுருவினனாகவும் லான் சேனி என்னும் ஒருவரே நடித்தார். அப்படத்தை அழிக்க எவரும் ஆணையிடவில்லை. அதன் கடைசிப் பிரதி 1960களில் ஒரு பட நிலையத்தின் கிடங்கில் மூண்ட தீயில் வெந்தது. ஆணையிட்டும் அழியாதது ஒன்று. கவனிப்பாரின்றி அழிந்தது மற்றொன்று.

இவற்றுள் இரண்டாவது ஒரு பாடத்தையும் தருகிறது. அழிந்த அப்படத்தின் நிழற்படங்களைக் கண்டு, அது ஒப்பற்ற படைப்பு என்று பிற்காலத்தோர் பேசலாயினர். ஆனால் தீக்கு முன் அதைப் பார்த்திருந்த திரைப்பட அறிஞர் சிலர், அதே கதையை 1935இல் மீண்டும் எடுத்த படமே சிறந்தது என்று கூறினர். காணாத பொருள் கற்பனையில் வளரும். கண்டவன் சொல்லே அதற்கு அளவுகோல்.

தீர விசாரித்தல்

கண்டவன் சொல்லையும் ஆராயாமற் கொள்ளலாகாது. பழையனூர் நீலி கதையைத் தமிழாசிரியர் அறிவர். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்த பேய்மகள், வணிகனைத் தன் கணவன் என்று வழக்குரைத்தாள். குழந்தை அவனைத் தந்தை என்று அழைத்ததைக் கேட்டு வேளாளர் எழுபதின்மரும் நம்பினர். அவனை அவளிடம் ஒப்புவித்தனர். விடிந்தபோது அவன் பிணமாய்க் கிடந்தான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். அவர்கள் தீயவரல்லர். உள்ளத்தை உருக்கிய சான்றை உண்மையெனக் கொண்டதே அவர்கள் செய்த தவறு.

பொந்தியானாக்கைப் பற்றிய நினைவுகளுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். எஞ்சியிருப்பது மூன்றாம் படமாகிய ‘சும்பா பொந்தியானாக்’. அதே நடிகை, அதே இயக்குநர், அதே பேய். பிற்காலத்தில் அதைப் பார்த்தவர், அதன் காட்சியை முதற்படத்திற் கண்டதாக நினைவு கூர்தல் எளிது. படம் மிக அச்சமூட்டியது என்று ஒருவர் சொன்னால், அவர் அப்போது எத்தனை வயதினர் என்று கேட்க வேண்டும். பத்து வயதுச் சிறுவனின் அச்சம் படத்தின் அளவுமாகும். அவன் வயதின் அளவுமாகும்.

பினாங்கில் ஆக வேண்டுவது

இப்பணிக்கு ஜார்ஜ்டவுன் மிகவும் ஏற்ற இடம். மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் நகரம் இது. தமிழ் முஸ்லிம் குடிகளும் மலாய்க் குடிகளும் கலந்து வாழ்ந்த மரபு இதற்குண்டு. மலாய்ப் பேயைத் திரையிற் கண்ட தமிழர் அதை மோகினி என்று கொண்டனரா, நீலி என்று கொண்டனரா, வேறோர் இனத்தின் பேய் என்று சிரித்தனரா? இவ்வினாவுக்கு விடை அச்சிட்ட விளம்பரங்களில் இராது. பார்த்தவர் நெஞ்சிலேயே இருக்கும்.

1957இல் பத்து வயதினராய் இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டனர். காலம் மிகக் குறைவு. உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதிவரத் தமிழாசிரியர் பணிக்கலாம். எந்தக் கொட்டகையிற் பார்த்தீர், யாரோடு சென்றீர், உடனிருந்தோர் எம்மொழி பேசினர், எக்காட்சி நினைவில் நிற்கிறது, பின்வந்த படங்களையும் பார்த்தீரா, பிடிக்காதது என்ன என்பன போன்ற சிறு வினாக்கள் போதும். விடையைச் செப்பம் செய்யாது, சொன்னவர் சொற்களிலேயே எழுதுவித்து, வயதையும் நாளையும் குறித்துவைக்க வேண்டும். பின்னர் ஒன்றையொன்று ஒத்துப்பார்க்கலாம்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்பது பழமொழி. காணக் கண்ணுக்குப் படம் இல்லை. கேட்கக் காதுக்குச் சில குரல்கள் இன்னும் உள. விசாரிக்க வேண்டுவோர் இருக்கும்போதே அக்குரல்களை எழுத்தில் ஏற்றுதல் கடனாகும்.