1840இன் இரண்டு சட்டங்களும் ஒரு துண்டுக் காணியும்

“இன்னொருவர் பணத்தோடு நிற்கிறார். இன்று மாலைக்குள் முற்பணம் தராவிட்டால் காணி கைவிட்டுப் போய்விடும்.” இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் லயத்தை விட்டு வெளியேறிப் பத்துப் பேர்ச்சஸ் நிலமாவது வாங்கிவிட முனையும் தோட்டத்துக் குடும்பங்களிடம் தரகர்கள் சொல்லும் வாசகம் இது. வீடு வாங்குவோரைத் தரகர் அவசரப்படுத்துவது எந்த நகரத்திலும் உள்ளதுதான். ஆனால் சப்ரகமுவவில் அந்த அவசரம் பலிப்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலங்களாகக் கொண்டது. அவ்வாறான நிலங்கள் விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன. அங்கே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு லயன் அறையே கிடைத்தது. வேலை போனால் கூரையும் போகும் என்பதே அதன் நியதி.

அந்த நியதியின் கொடுமையை 1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டம் உலகறியச் செய்தது. ஆங்கிலத்தில் நேவ்ஸ்மியர் எனப்பட்ட அத்தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசு கையேற்றது. காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க. வெளியேற மறுத்த தொழிலாளருக்காக இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தில் அவர்களுக்கு ஓர் அங்குல உரித்தும் இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டமோ, குடியுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாறினால் அதன் பெறுமதிக்கு நிகரான வரி விதித்தது. நூறு ரூபாய்க் காணிக்கு இருநூறு ரூபாய் வேண்டும்! நாடற்ற நிலையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே, உறுதி என்பது எப்படியிருக்கும், எங்கே பதியப்படும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு தகப்பனுக்கே இருக்கவில்லை. தரகரின் அவசரம் பற்றிக்கொள்வது அந்த ஏக்கத்தைத்தான்.

வேடிக்கை என்னவெனில், இதற்கான காப்பும் அதே 1840இல் பிறந்ததே. அவ்வாண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, காணி விற்பனை மட்டுமன்று, விற்பதாகத் தரும் வாக்குறுதியும்கூட, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத்தில் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. தரகர் தரும் துண்டுச் சீட்டு காணிச் சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. முற்பணம் போனால் அதை மீட்க அலையவேண்டியவர் வாங்குபவரே.

எனவே பணத்துக்கு முன் செய்யவேண்டியவை மூன்று. தரகர் காட்டும் நொத்தாரிசை விடுத்து, நாமே ஒருவரை அமர்த்திக் காணிப் பதிவகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளையேனும் தேடச் செய்தல். நில அளவையாளரின் வரைபடத்தைக் காணியில் நின்று ஒப்பிடுதல். உறுதி சிங்களத்தில் இருப்பின் ஒப்பமிடுமுன் தமிழில் விளக்கக் கேட்டல். தோட்ட எல்லைக்குள் உள்ள துண்டாயின் இன்னொரு கேள்வியும் உண்டு. 1992இல் தனியார் நிர்வாகத்துக்குச் சென்ற அரச தோட்டங்களைக் கம்பனிகள் குத்தகைக்கே வைத்திருக்கின்றன. குத்தகைக்காரர் விற்க முடியாததைத் தரகர் எப்படி விற்பார்?

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த மக்கள், ஒரு தேடுதல் முடியும்வரை இன்னும் சில நாள் காத்திருப்பதால் நட்டமில்லை. அந்தச் சில நாளைத் தர மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே இலாபம்.