கால்வாய்ப் படகுகளும் கணக்குப் புத்தகங்களும்



சவுத்ஹோல் பக்கம் இருப்பவர்களுக்குக் கிராண்ட் யூனியன் கால்வாய் புதிதல்ல. அதன் கரையில் மாலையில் நடப்பவர்களில் எம்மவர்களும் கணிசமானோர். ஆனால் 1970ஆம் ஆண்டு ஒக்ரோபர் வரை, வோரிக்ஷயரிலுள்ள அதர்ஸ்டனிலிருந்து நிலக்கரி ஏற்றிய படகுகள் சவுத்ஹோலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு வந்துகொண்டிருந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஒடுங்கிய படகுகளின் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்து இந்த நாட்டில் அதோடு முடிந்தது என்றே சொல்வார்கள்.

இந்தப் படகுகளைப் பற்றி ஒரு வானொலிப் பேச்சு தயாரிக்கப் போய்த்தான் நான் பழைய படங்களுக்குள் விழுந்தேன். கபின் வாசலில் தாய், கூரையில் இரண்டு பிள்ளைகள், சுக்கானில் தகப்பன். கீழே "படகுக் குடும்பம்" என்று மட்டும் எழுதியிருக்கும். இவர்கள் யார் என்று தேடினேன். தொழிலால் நான் கணக்காளன். எனவே கணக்குப் புத்தகங்களின் வழியாகவே போனேன்.

படத்தில் முதலில் பார்க்கவேண்டியது கபினின் பக்கச் சுவர். கொம்பனியின் பெயர், படகின் பெயர், கொம்பனி கொடுத்த இலக்கம், எந்த ஊரில் பதியப்பட்டது என்ற விபரம் எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். வர்ணமும் காலத்தைச் சொல்லும். 1889இல் உருவான 'ஃபெலோஸ், மோர்ட்டன் அன்ட் கிளேட்டன்' கொம்பனியின் படகுகள் முதலில் கறுப்பு வெள்ளை. 1920களில் சிவப்பு, மஞ்சள், பச்சைக்கு மாறின. 1948இல் கால்வாய்கள் அரசுடைமையான பிறகு நீலமும் மஞ்சளும் வந்தன. ஒரு எச்சரிக்கை: பழைய பிலிம் சிவப்பைக் கறுப்பாகக் காட்டும். ஆகவே நிறத்தைவிட எழுத்தை நம்புவது நல்லது.

(லண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு இந்தக் கொம்பனி ஏற்றிய சரக்குகளில் தேயிலையும் உண்டு. எங்கள் மலையகத்து மக்கள் பறித்த கொழுந்தும் அதற்குள் இருந்திருக்கத்தான் வேண்டும்.)

பெயரும் இலக்கமும் கிடைத்தால் அடுத்தது அளவெடுப்புப் புத்தகம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கால்வாய்க்காரர் வரி கேட்டது தொன்னுக்கும் மைலுக்கும். இருபத்தைந்து தொன் நிலக்கரியை வழியில் இறக்கி நிறுக்க முடியுமா? அதனால் புதுப் படகு ஒவ்வொன்றையும் அளவெடுக்கும் துறைக்குக் கொண்டுபோவார்கள். வெறும் படகு மிதக்கும்போது நீருக்கு மேலே எத்தனை அங்குலம் தெரிகிறது என்று இரு பக்கமும் முன்னும் பின்னும் அளப்பார்கள். பிறகு இரும்புப் படிகளைத் தொன் தொன்னாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து ஒரு அட்டவணை எழுதுவார்கள். அதன் பிரதி வரி அறவிடும் காரியாலயங்களுக்குப் போகும். பிறகு அங்கே இருக்கும் எழுதுவினைஞர் ஒரு கோலை வைத்துப் பார்த்தே சரக்கின் எடையைச் சொல்லிவிடுவார்.

அந்த ஏட்டில் படகின் பெயர், உரிமையாளர், நீளம், அகலம், அளந்த திகதி எல்லாம் இருக்கும். படகைத் திருத்தினால் மறுபடி அளவெடுக்கவேண்டும், அதுவும் பதிவாகும். காசு சம்பந்தப்பட்ட ஏடு என்பதால் கவனமாகவே எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வருடம் ஓடிய ஒரு படகு எத்தனை கை மாறியது, எப்போது பெயர் மாறியது என்பதையெல்லாம் இப்படி ஒன்றோடொன்று பொருத்திக் கண்டுபிடிக்கலாம். 'பிரெசிடென்ட்' என்ற நீராவிப் படகு 1909இல் பேர்மிங்ஹாமின் சோல்ட்லியில் கட்டப்பட்டது, 1925இல் நீராவி இயந்திரம் கழற்றப்பட்டு டீசல் இயந்திரம் பூட்டப்பட்டது என்று இன்று திகதியோடு சொல்ல முடிகிறது. புகைபோக்கியோடு அது நிற்கும் பழைய படமென்றால் 1925க்கு முந்தியது. 1970களில் வெறும் உடலாகக் கிடந்த அதை மீட்டு, மறுபடி நீராவியில் ஓடவைத்திருக்கிறார்கள்.

படகுக்கு இவ்வளவு சாட்சி. மனிதர்களுக்கு?

ஆரம்பத்தில் படகோட்டிகளில் பெரும்பாலானோரின் குடும்பங்கள் கரையில்தான் இருந்தன. ரயில் வந்து போட்டி போட்டதும் கூலி விழுந்தது. கரையில் வாடகையும் கட்டி, படகில் கூலிக்கு ஆளும் வைக்க முடியாமல் பல குடும்பங்கள் படகிலேயே ஏறிவிட்டன. கொம்பனி கப்டனுக்குப் பயணக் கணக்கில் காசு கொடுக்கும். உதவிக்கு ஆள் பிடிப்பது அவர் பாடு. மனைவி சுக்கான் பிடிப்பார், பிள்ளை குதிரையோடு நடக்கும், லொக் கதவைத் தள்ளும். சம்பளப் புத்தகத்தில் ஒரு பெயர்தான். ஒருவர் பெயரில் உரிமம் எடுத்து, வீட்டிலுள்ள எல்லோரும் நின்று கடை நடத்திய எங்கள் குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அவர்களைக் கொஞ்சமாவது காட்டுவது 1877ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுச் சட்டம். கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் சிமித் என்பவர் விடாமல் குரல் கொடுத்ததால் வந்தது. படகு மக்களை அவர் தேவைக்கு மேல் இழிவாக எழுதினார் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் சட்டம் வந்ததால் பதிவேடு வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 60 கன அடி காற்று, அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 40 கன அடி. கபினை அளந்து, எத்தனை பேர் படுக்கலாம் என்று எழுதினார்கள். கப்டனின் பெயர் உண்டு. மனைவி, பிள்ளைகள் வெறும் எண்ணிக்கை.

அதே சட்டத்தில் இன்னொரு விடயம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. பிள்ளைகளின் படிப்புக்காக, படகு எந்த ஊரில் பதியப்பட்டதோ அதுவே அவர்களின் ஊர் என்று வைத்துக்கொண்டார்கள். பிறந்தது வேறெங்கோ ஒரு துறையில், வளர்ந்தது வழி முழுக்க. படகு எங்கே நிற்கிறதோ அங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ இருந்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு, படிவத்தில் ஒரு ஊர். பல பெரியவர்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர்கள் பக்கத்திலிருந்து எழுதிய கடிதமோ நாட்குறிப்போ மிகக் குறைவு.

கப்டனின் பெயர் கிடைத்துவிட்டால் கோயிற்பற்றுகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் தேடலாம். தொழில் என்ற இடத்தில் 'படகோட்டி' என்று இருக்கும். அங்கேதான் மனைவிக்கும் பிள்ளைக்கும் முதல் தடவையாகப் பெயர் வருகிறது. நான் அப்படிப் பார்த்த ஏடுகளில் மணமக்கள் கையெழுத்திடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருந்ததுண்டு.

அளவெடுப்பு ஏடுகள் பலவற்றை எல்ஸ்மியர் போர்ட் நகரிலுள்ள தேசிய நீர்வழி அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதிய பதிவேடுகளில் தப்பியவை அந்தந்தப் பகுதி ஆவணக் காரியாலயங்களில் உள்ளன. பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே எழுதி நேரம் எடுத்துக்கொண்டு போகவேண்டும். பேனா கொண்டுபோகவேண்டாம், ஆவணக் காப்பகங்களில் பென்சில்தான்.