களஞ்சியக்காரருக்கு ஒரு பிரசங்கம்



போதுமென்ற மனம் வேண்டும் என்று நாம் பெரும்பாலும் யாருக்குச் சொல்கிறோம்? இல்லாதவருக்கு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசில் என்ற போதகர் அதை இருப்பவருக்குச் சொன்னார்.

அவருடைய ஊர் கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியா. கொர்நேலியு இருந்த செசரியா வேறு. இது இன்றைய துருக்கியின் கைசேரி நகரம். 369ஆம் ஆண்டளவில் மழை பொய்த்து அங்கே பஞ்சம் வந்தது. கடற்கரை ஊரென்றால் கப்பலில் தானியம் வரும். செசரியா கடலுக்கு வெகு தூரம். வண்டியிலும் கழுதையிலும் எவ்வளவு கொண்டுவரலாம்? ஆனாலும் ஊரில் தானியம் இருந்தது. விலை ஏறட்டும் என்று சிலர் பூட்டி வைத்திருந்தார்கள்.

லூக்கா 12இல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானைப் பற்றிப் பசில் செய்த பிரசங்கம் இன்றும் இருக்கிறது. விளைச்சல் குவிந்த அந்த மனிதன், "நான் என்ன செய்வேன்?" என்று தவிக்கிறான். சோற்றுக்கு வழியில்லாத ஏழையும் இதைத்தானே கேட்கிறான் என்கிறார் பசில். களஞ்சியம் வேண்டுமென்றால் ஏழைகளின் வயிறு இருக்கிறதே என்பது அவர் வாதம். பஞ்சகாலப் பிரசங்கத்தில் பட்டினி கிடப்பவரின் குழிந்த கண்களையும் எலும்போடு ஒட்டிய தோலையும் விவரிக்கிறார். தாதியாக வேலை செய்யும் எனக்கு, வோர்டில் நின்று பார்த்தவர் சொன்னது போலவே இருந்தது.

பசிலும் வசதியான வீட்டுப் பிள்ளைதான். தன் சொத்தை விற்று உணவு வாங்கினார். பூட்டிய களஞ்சியங்களும் அவர் பேச்சால் திறந்தன. பெரிய பாத்திரங்களில் சூப் வைத்துத் தாமே பரிமாறினார் என்று நண்பர் கிரகோரி எழுதியிருக்கிறார்.

370இல் பசில் பேராயரானார். விசுவாச விஷயத்தில் பேரரசன் வாலென்ஸுக்கு அவர் இணங்கவில்லை. சொத்தைப் பறிப்பேன் என்று மொதெஸ்து என்ற பெரிய அதிகாரி மிரட்டினான். எதைப் பறிப்பான்? சில பழந்துணிகளும் கொஞ்சப் புத்தகங்களும்தான் இருக்கின்றன என்றார் பசில். மிரட்டியவன்தான் திகைத்துப்போனான்.

பின்பு நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் விடுதிகள் எழுப்பினார். குஷ்டரோகிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. இதைப் பற்றி ஆளுநரிடம் குறை சொன்னவர்களும் உண்டு! பசில் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், இதனால் யாருக்கு என்ன கெடுதி என்று கேட்டு, அங்கே தேவையானவர்களை வரிசையாகச் சொல்கிறார்: நோயாளிகளைப் பராமரிப்பவர்கள், வைத்தியர்கள், சுமை தூக்கும் மிருகங்கள், வழித்துணைக்கு ஆட்கள். பிள்ளைகளே, வரிசையில் முதலில் நிற்பவர்கள் தாதிமார்!