ஜாவாவில் எழுந்த ஹலால் வினா

ஹலால் என்றதும் நம்மில் பலருக்கு அறுக்கும் கத்தியும் அப்போது சொல்லப்படும் பிஸ்மியுமே நினைவுக்கு வரும். கத்தியே படாத பண்டங்களில் ஆகுமானது எது, ஆகாதது எது என்று ஒரு நாடே கலங்கிக் கேட்ட வரலாறு இந்தோனேசியாவுக்கு உண்டு.

1988-ஆம் ஆண்டு கிழக்கு ஜாவாவின் மாலாங் நகரில், பிராவிஜாயா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், கடைகளில் விற்கும் உணவுப் பண்டங்கள் பலவற்றில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் கலந்திருக்கக்கூடும் என எழுதினார். மாணவர் ஏடொன்றில் வந்த கட்டுரைதான்; ஆயினும் செய்தி தீயெனப் பரவிற்று. விற்பனை சரிந்தது. 1989 ஜனவரி 6-ஆம் நாள் அந்நாட்டு உலமா மன்றம் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள்களை ஆராயத் தனி அமைப்பொன்றை நிறுவியது. ஃபிக்ஹுக் கலை வல்லாரும் வேதியியல் வல்லாரும் கூடி ஆராயும் வழக்கம் அங்கே இவ்வாறு வேரூன்றிற்று.

இதனினும் நுட்பமான வழக்கு 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. நம்மவர் அஜினோமோட்டோ என்று நிறுவனத்தின் பெயராலேயே வழங்கும் சுவை உப்பு, கரும்பாலைப் பாகை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்வதால் கிடைப்பது. அந்நுண்ணுயிர்களைப் பேணி வளர்க்க ஓர் ஊட்டம் வேண்டும். ஊட்டத்தில் சேர்ந்ததோ சோயாப் புரதம். ஆனால், அப்புரதத்தைச் சிதைக்கப் பயன்பட்ட நொதி பன்றியின் கணையத்தில் எடுத்தது! சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆய்வின்போதே இது வெளிப்பட்டது. விற்பனைக்கு வரும் உப்பைச் சோதித்தால் பன்றியின் சுவடு எதுவும் தென்படாது.

உலமா மன்றம் ஹராம் என்று ஃபத்வா வழங்கியது. நஹ்ளத்துல் உலமாவின் தலைவராயிருந்து அதிபரான அப்துர் ரஹ்மான் வாஹிதோ, முடிந்த பொருளில் பன்றியின் கூறு இல்லை. எனவே ஹலால் என்றார். அவரும் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவரே. அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட இயலாது. பொருள் தன் இயல்பு மாறித் தூய்மையாவதை ‘இஸ்திஹாலா’ என்பர். ஹனஃபீ இமாம்கள் இதற்கு விரிந்த இடம் தருகின்றனர். நம் கடலோர ஊர்களைப் போன்றே ஜாவாவிலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், மது தானே காடியாவது போன்ற சிலவற்றோடு அது நின்றுவிடும். தோல் பதனிட்டால் தூய்மையாகும். பன்றித் தோலோ பதனிட்டாலும் ஆகாது. மன்றத்தார் முதன்மையாகப் பற்றிய சொல் ‘இன்திஃபாஃ’, அதாவது பயன் கொள்ளுதல். எஞ்சி நிற்பது என்ன என்பதன்று வினா; ஆகாததைக் கொண்டு பயன் பெற்றோமா என்பதே. இத்தீர்ப்பே எமக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. சோதனைக் குழாய் கடைசிப் பொருளை மட்டுமே காணும். அது வந்த வழியைக் காணாது.

2001 தொடக்கத்தில் அவ்வுப்பு கடைகளினின்று திரும்பப் பெறப்பட்டது. நிறுவன அலுவலர் சிலர் காவலில் வைக்கப்பட்டனர். ஊட்டம் மாற்றப்பட்டபின், புதிதாகச் செய்தது ஹலால் என அறிவிக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம், அறுக்குமிடம் மட்டுமின்றி, பதப்படுத்தல், சேமிப்பு, பொதிதல், வினியோகம், விற்பனை ஆகிய ஒவ்வொன்றிலும் இடமும் கருவியும் ஹலால் அல்லாதவற்றினின்று பிரிந்திருக்க வேண்டுமென விதித்தது.