ஏரி 260 ஆய்வு

கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன் நீர்நிலையில் கலந்தால் அங்குள்ள மீன்கள் என்னவாகும் என்பதை அறிய, கனடாவில் ஒரு முழு ஏரியிலேயே நடத்தப்பட்ட ஆய்வு ஏரி 260 ஆய்வாகும். மிகக் குறைந்த அளவு மருந்தும் ஒரு மீன் கூட்டத்தை ஏறக்குறைய அழித்துவிடும் என்பதை இது மெய்ப்பித்தது.

பின்னணி

எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் 1938இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. பின்னாளில் இது கருத்தடை மாத்திரைகளின் முக்கியப் பொருளானது. மாத்திரை உட்கொள்வோரின் உடலிலிருந்து இதில் ஒரு பகுதி வெளியேறிச் சாக்கடையில் சேர்கிறது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இது முழுமையாக நீங்குவதில்லை.

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் லீ ஆற்றில் பிடிபட்ட ரோச் மீன்கள் சிலவற்றில் ஆண், பெண் ஆகிய இரு தன்மைகளும் காணப்பட்டன. பின்னர் ஆய்வாளர்கள் கழிவுநீர் வெளியேறும் இடங்களில் ட்ரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து வைத்துச் சோதித்தனர். முட்டையின் மஞ்சள் கரு உருவாகத் தேவையான வைட்டெல்லோஜெனின் என்ற புரதம் ஆண் மீன்களின் இரத்தத்திலும் மிகுதியாக இருந்தது. இக்கழிவுநீரில் மனித உடலின் இயற்கை ஹார்மோன்களும் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் இருப்பது 1998இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

ஆயினும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. உடலில் இத்தகைய மாற்றம் கண்ட மீன்களின் எண்ணிக்கையும் குறையுமா? ஆற்றில் பல வேதிப்பொருட்கள் ஒன்றாகக் கலந்திருப்பதால் ஒன்றின் விளைவை மட்டும் பிரித்தறிய இயலாது. ஆய்வகத் தொட்டியிலோ இரையும் எதிரியும் நிறைந்த இயற்கைச் சூழல் இல்லை.

ஆய்வுக் களம்

ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் 1968இல் பரிசோதனை ஏரிகள் பகுதி நிறுவப்பட்டது. மக்கள் குடியிருப்புகளுக்கு அப்பால் உள்ள இந்த ஏரிகளில் முழு ஏரியையும் ஆய்வுக்கு உட்படுத்தலாம். கேரன் கிட் தலைமையிலான குழு இங்குள்ள 260ஆம் எண் ஏரியைத் தேர்ந்தெடுத்தது. மருந்து கலக்கும் முன்பே மீன்களின் நிலை பதிவு செய்யப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்து கலக்காத வேறு ஏரிகளும் கண்காணிக்கப்பட்டன.

ஆய்வும் விளைவும்

2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் ஏரி நீரில் எத்தினைல் எஸ்ட்ராடியால் கலக்கப்பட்டது. அதன் அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரை இருந்தது. லிட்டருக்கு 5 நானோகிராம் என்பது 20 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராமைக் கரைப்பதற்குச் சமம்.

கெண்டை வகையைச் சேர்ந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனே பெரிதும் பாதிக்கப்பட்டது. ஆண் மீன்களில் வைட்டெல்லோஜெனின் பன்மடங்கு பெருகியது. சில ஆண் மீன்களின் விந்தகங்களில் முட்டை அணுக்கள் தோன்றின. பெண் மீன்களின் முட்டை வளர்ச்சியும் சீர்குலைந்தது. 2002 இலையுதிர் காலத்தில், அவ்வாண்டுக்குரிய குஞ்சுகள் இல்லாததால் மீன் கூட்டமே சரிந்தது. இம்மீனின் ஆயுள் குறைவு. ஓரிரு பருவங்கள் இனப்பெருக்கம் நடைபெறாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லாமல் போகும்.

சிறு மீன்கள் குறைந்ததால் அவற்றை உண்ணும் ஏரி ட்ரவுட் மீன்களுக்கு இரை குறைந்தது. சிறு மீன்களுக்கு இரையாகும் சில பூச்சியினங்களோ பெருகின. இவ்வாறு ஒரு மருந்தின் விளைவு உணவுச் சங்கிலியின் பிற கண்ணிகளையும் எட்டியது. ஆய்வின் முதன்மை முடிவுகள் 2007இல் வெளியாயின.

மீட்சி

மருந்து கலப்பது நிறுத்தப்பட்ட மூன்று ஆண்டுகளில் ஆண் மீன்களின் வைட்டெல்லோஜெனின் அளவு இயல்பு நிலைக்குத் திரும்பியது. நான்காம் ஆண்டின் வசந்த காலத்தில் மீன்களின் எண்ணிக்கையும் பழைய நிலையை எட்டியது. இவை வெளியிலிருந்து வந்த மீன்கள் அல்ல, எஞ்சிய சில மீன்களின் வழித்தோன்றல்களே என்பதை மரபணுச் சோதனை காட்டியது.

பிந்தைய நிகழ்வுகள்

இந்த ஆய்வுப் பகுதியை மூடப்போவதாகக் கனடா அரசு 2012இல் அறிவித்தது. அறிவியலாளர்களும் பொதுமக்களும் இதை எதிர்த்தனர். 2014இல் இதன் பொறுப்பு வளங்குன்றா வளர்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதால் ஆய்வுகள் தொடர்ந்தன.

சுவிட்சர்லாந்து 2016 முதல், தேர்ந்தெடுத்த சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன் அல்லது செறிவூட்டிய கரி கொண்டு மருந்து எச்சங்களை நீக்கும் திட்டத்தைச் சட்டப்படி நடைமுறைப்படுத்தி வருகிறது. ஏரி 260இல் மருந்து நின்றதும் மீன்கள் மீண்டன. நகரக் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் மருந்து நாள்தோறும் வந்து சேர்கிறது. அங்குள்ள மீன்களுக்கு அத்தகைய இடைவெளியை இத்தகைய கூடுதல் சுத்திகரிப்பால்தான் தர முடியும்.